பனிக்கடலுக்கு ஒரு வாடகைக் கப்பல்

மேச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆடு. ஒரு செம்மறி இனத்துக்கே ஊர்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம் பத்ரகாளியம்மன் கோயில், பொட்டனேரி இரும்பாலை, கொஞ்சம் தள்ளிப் போனால் மேட்டூர் அணை. சித்திரை வெயிலில் தார் ரோடு இளகும் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிக்கட்டியை உடைக்கிற கப்பலைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1981லிருந்து இந்திய அரசு அண்டார்டிகாவுக்கு ஆள் அனுப்பி வருகிறது. அங்கே நிலையம் கட்டியிருக்கிறது, இரண்டு நிலையங்களை இன்றும் நடத்துகிறது. அங்கே போகச் சொந்தமாக ஒரு பனிக்கடல் கப்பல் மட்டும் கிடையாது. ஒவ்வொரு முறையும் வாடகைதான். ஒரு தடவை கப்பல் வாங்க மத்திய அமைச்சரவையே அனுமதி கொடுத்தது. பணமும் ஒதுக்கியாயிற்று. கப்பல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

1981 ஜூலையில் கடல் வளர்ச்சித் துறை தொடங்கப்பட்டது. பிரதமராக இருந்த இந்திரா காந்தியின் நேரடிப் பார்வையில் இருந்த துறை. ஐந்து மாதம்கூட முழுதாக முடியவில்லை, அதற்குள் 1981 டிசம்பர் 6ஆம் தேதி டாக்டர் எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கிளம்பிவிட்டார்கள். பத்திரிகைகளுக்குக்கூடச் சொல்லாமல் நடந்த பயணம். 1982 ஜனவரி 9ஆம் தேதி அண்டார்டிகாவில் கால் வைத்தார்கள். சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியதும் இதே 1981ல்தான் என்பது ஒரு துணைத் தகவல்.

அவர்கள் போன கப்பலின் பெயர் 'போலார் சர்க்கிள்'. நார்வே நாட்டுக் கப்பல், வாடகைக்கு எடுத்தது. அப்போது அதைத் தவிர வேறு வழியும் இல்லை. பனிக்கடலில் ஓடும் கப்பலைப் புதிதாகக் கட்டச் சொன்னால் மூன்று நான்கு வருடம் ஆகும். அவசரமோ வேறு மாதிரி இருந்தது. அண்டார்டிக் ஒப்பந்தத்தில் வாக்குரிமை வேண்டுமென்றால் அந்தக் கண்டத்தில் உருப்படியாக ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும். இந்தியா 1983 ஆகஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது, செப்டம்பரிலேயே ஆலோசனை நாடு என்ற தகுதியும் கிடைத்தது. இரண்டு வாடகைப் பயணங்களுக்குக் கிடைத்த பலன் அது. மோசமில்லை.

மூன்றாவது பயணத்துக்கு (1983-84) பின்லாந்தின் 'ஃபின்போலாரிஸ்' வந்தது. அதில் போனவர்கள்தான் 'தட்சிண் கங்கோத்ரி' நிலையத்தைக் கட்டினார்கள். அடித்தளத்துக்கான சாமான், ஜெனரேட்டர், எரிபொருள், ஒரு வருடச் சாப்பாடு என்று எல்லாமே கப்பல் வயிற்றில்தான் போனது. குளிர்காலம் முழுக்க முதன்முதலாக 12 பேர் அங்கேயே தங்கினார்கள். பிறகு சுவீடனின் 'துலேலாண்ட்' பல வருடங்கள் ஓடியது. அதன் பின்னும் ஐஸ்பேர்ட், எமரால்ட் சீ, ரஷ்யாவின் இவான் பாபானின், வசிலி கொலோவ்னின் என்று பெயர்கள் மாறினவே தவிர முறை மாறவில்லை. கொரோனா காலத்தில்கூட 2021 ஜனவரியில் 43 பேருடன் 40ஆவது பயணம் கோவாவிலிருந்து வசிலி கொலோவ்னினில்தான் புறப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சாதாரணக் கப்பலை அங்கே கொண்டுபோனால் என்ன?

பனியுடைக்கும் கப்பல் கத்தி மாதிரி பனியை அறுத்துக்கொண்டு போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. அதன் முன்பகுதி கீழ்ப்பக்கம் சரிந்து, வழுக்கலாக இருக்கும். கப்பல் பனிப்பாளத்தின் மேல் ஏறும். ஏறியதும் அதன் எடை தாங்காமல் பாளம் கீழ்நோக்கி முறியும். முறிந்த துண்டுகளைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு மறுபடி ஏறும். இதற்கு உடம்பு முழுக்கப் பலம் வேண்டும். நீர்மட்டத்தை ஒட்டிய தகடு தடிமனாக இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் சட்டங்கள் நெருக்க நெருக்கமாக நிற்க வேண்டும். இரும்பும் சாதாரண இரும்பாக இருக்கக்கூடாது. நம்மூர் வெயிலில் வளைந்துகொடுக்கிற எஃகு, கடுங்குளிரில் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். அதனால் குளிரிலும் இளக்கம் குறையாத தனி ரகம் தேவை. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் துவாரத்தில் பனித்தூள் அடைத்துக்கொண்டாலே போதும், கப்பல் நின்றுவிடும். அதற்கும் தனி ஏற்பாடு வேண்டும்.

பனிக்கு நல்ல வடிவம் திறந்த கடலுக்கு ஆகாது என்பது இன்னொரு தலைவலி. மேட்டூரிலும் ஒகேனக்கலிலும் பரிசலில் போனவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அடி உருண்டையாக இருந்தால் பாறையில் மாட்டாது, ஆனால் அலையில் நிலைகொள்ளாது. கோவாவிலிருந்து அண்டார்டிகா போகிற கப்பல் முதலில் வெப்பக் கடலைத் தாண்ட வேண்டும், அப்புறம் தென்கோளத்தின் பேய்க்காற்று வீசும் பகுதியைத் தாண்ட வேண்டும், அதற்கும் அப்புறம்தான் பனி. மூன்றுக்கும் ஒரே கப்பல். பனிக்கடல் நாடுகளுக்கு இல்லாத சிக்கல் இது, ஏனென்றால் அவர்கள் கப்பலுக்கு வாசலிலேயே பனி.

சரி, மற்ற நாடுகள் என்ன செய்தன? இதில் பிரிட்டனின் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தக்கது. பிரிட்டிஷ் கடற்படையிடம் 'எண்டுரன்ஸ்' என்றொரு பனிக்கடல் ரோந்துக் கப்பல் இருந்தது. அதுவும் புதிதாகக் கட்டியதல்ல, டென்மார்க்கிடமிருந்து பழைய சரக்குக் கப்பலாக வாங்கி மாற்றியது. ஆயுதம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. தென் அட்லாண்டிக்கில் சிவப்பு பெயின்ட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். 1981ல் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் செலவைக் குறைக்கப் பட்டியல் போட்டபோது இந்தக் கப்பலும் அதில் ஏறியது. இனி வேண்டாம், திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஃபாக்லாந்து தீவுகள் மீது கண் வைத்திருந்த அர்ஜென்டினாவுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? அந்தத் தீவுகளில் பிரிட்டனுக்கு இனி அக்கறை இல்லை என்றுதான். 1982 ஏப்ரல் 2ஆம் தேதி அர்ஜென்டினா படைகள் இறங்கின. காசிம் குழு அண்டார்டிகாவிலிருந்து கோவா திரும்பி ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. போருக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 1983ல் வந்த ஃப்ராங்க்ஸ் குழுவின் அறிக்கை, அந்தக் கப்பலை விலக்கும் அறிவிப்பைச் செய்திருக்கக் கூடாது என்று சொன்னது. ஒரு சின்னக் கப்பல் ஒரு கடலில் சும்மா நின்றுகொண்டிருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று பிரிட்டன் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அந்த எண்டுரன்ஸுக்கு வயதானபோது பிரிட்டன் 1991ல் நார்வேயிலிருந்து ஒரு கப்பலைச் சில மாதங்களுக்கு வாடகைக்கு எடுத்தது. அதன் பெயரும் 'போலார் சர்க்கிள்' தான். நம்மவர்கள் போன அதே கப்பல் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், இது 1990ல் கட்டப்பட்ட வேறொன்று. ஓட்டிப் பார்த்தார்கள், பிடித்திருந்தது, வாங்கிக்கொண்டார்கள். பெயரையும் எண்டுரன்ஸ் என்று மாற்றினார்கள். 2008ல் அந்தக் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கத் தெரிந்தது. அதன் பிறகு 2011ல் மறுபடி நார்வே, மறுபடி வாடகை, 2013ல் விலைக்கு வாங்கியாயிற்று. இப்போது 'புரொடெக்டர்' என்ற பெயரில் ஓடுவது அதுதான். முதலில் வாடகை, சரிப்பட்டால் கிரயம். வீடு வாங்குகிறவர்கள் செய்கிற வேலைதான். 40 வருடமாக வாடகை கொடுத்த இந்தியா ஒரு முறைகூட இந்த வழியில் போகவில்லை என்பது ஆச்சரியம்.

இந்தியாவுக்குக் கடற்படை ரோந்துக் கப்பல் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1959ல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தம் அங்கே ராணுவ நடவடிக்கைகளைத் தடை செய்கிறது. ராணுவ ஆட்களும் சாதனங்களும் ஆராய்ச்சிக்கு உதவப் போகலாம், அவ்வளவுதான். இந்தியக் கடற்படையில் பனிக்கடலுக்கென்று கட்டிய போர்க்கப்பல் எதுவும் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். காவல் காக்கப் பனிக்கரை நமக்கு இல்லை. தேவைப்படுவது ஆராய்ச்சியும் செய்து சரக்கும் கொண்டுபோகிற கப்பல்.

வாடகை முறை எங்கே உதைக்கும் என்பதற்கு 2002ல் நடந்ததைப் பார்க்கலாம். இந்தியப் பயணங்களுக்கும் வாடகைக்கு ஓடிய 'மக்தலேனா ஓல்டன்டார்ஃப்' என்ற ஜெர்மன் நிறுவனக் கப்பல் அந்த ஜூன் மாதம், ரஷ்ய நிலையத்திலிருந்து ஆராய்ச்சியாளர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பனியில் சிக்கிக்கொண்டது. ஜூன் என்றால் அங்கே நடுக்குளிர்காலம், இருட்டு. கப்பலில் 107 பேர். தென்னாப்பிரிக்காவின் 'அகுலாஸ்' கப்பல் ஹெலிகாப்டர்களோடு போய் 89 பேரை மீட்டது. மீதி ஆட்களோடு அந்தக் கப்பல் பனி இளகும் வரை அங்கேயே கிடந்தது. உதவிக்குப் போன இன்னொரு கப்பல் அர்ஜென்டினா கடற்படையின் 'அல்மிரான்டே இரிசார்'. (இந்த இரிசார் 2007ல் தீப்பிடித்து, பழுது பார்த்து மறுபடி பனிக்கடலுக்குப் போக 2017 ஆகிவிட்டது. சொந்தக் கப்பல் வைத்திருந்தாலும் தலைவலி உண்டு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.)

மாட்டிக்கொண்டது இந்தியக் குழு இல்லைதான். ஆனால் இந்தியாவின் 'மைத்ரி' நிலையம் அந்த ரஷ்ய நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதே பனி, அதே கப்பல்கள், அதே ஆபத்து. கேப்டவுனிலிருந்து விமானத்தில் ஆட்கள் போக இப்போது வசதி இருக்கிறது. டீசலும் கனரகச் சாமான்களும் கப்பலில்தான் போயாக வேண்டும். அதற்கான பருவம் நான்கு மாதம்கூட இல்லை. பேசிய கப்பல் அந்த நேரத்துக்கு வராவிட்டால் அங்கே குளிர்காலம் தங்குகிறவர்களின் அடுப்பும் வெளிச்சமும் கேள்விக்குறி. 2012ல் 'பாரதி' நிலையமும் திறக்கப்பட்டது. அது மைத்ரியிலிருந்து சுமார் 3000 கிலோமீட்டர் தள்ளி. ஒரே பருவத்தில் ஒரே வாடகைக் கப்பல் இரண்டையும் பார்த்து வர வேண்டும்.

இதையெல்லாம் யோசித்துத்தான் 2014 அக்டோபரில் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு துருவ ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றை வாங்க ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு ரூ.1051 கோடி, கெடு 34 மாதம். 2015ல் குஜராத்தில் கப்பல் கட்டும் தளங்கள் வைத்திருந்த ஏபிஜி ஷிப்யார்டுக்கு ஆர்டர் போனது. சுமார் ரூ.940 கோடி என்று அப்போது செய்தி வந்தது.

34 மாதத்தை விரல்விட்டு எண்ணினால் 2017 ஆகஸ்டில் கப்பல் தண்ணீரில் இருந்திருக்க வேண்டும். அதே 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. ரிசர்வ் வங்கி அடையாளம் காட்டிய 12 பெரிய வாராக்கடன் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. வாங்க ஆள் கிடைக்காமல் பிறகு சொத்துகளைக் கலைத்து விற்கும் நிலைக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் வங்கிகளின் கூட்டமைப்புக்கு ரூ.22,842 கோடி இழப்பு என்று சிபிஐ வழக்குப் பதிவு செய்தபோதுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரிய வந்தது. துருவக் கப்பல் ஆர்டர் என்னவாயிற்று என்பதற்கு 2023ல் மாநிலங்களவையில் அமைச்சர் கிரண் ரிஜிஜு சொன்ன விளக்கம் சுருக்கமானது. டெண்டர் விட்டோம், ஆனால் கப்பல் கட்டும் நிறுவனம் டெண்டரில் இல்லாத சில நிபந்தனைகளை வற்புறுத்தியதால் திட்டம் கைவிடப்பட்டது. புதிதாக வாங்க இப்போது சுமார் ரூ.2600 கோடி ஆகும். ஒன்பது வருடத் தாமதத்தில் மதிப்பீடு இரண்டரை மடங்கு ஏறியிருக்கிறது.

இதே நிறுவனத்திடம் கடற்படையும் பயிற்சிக் கப்பல்கள் கேட்டு 2011ல் ஒப்பந்தம் போட்டிருந்தது. அவையும் வரவில்லை. கடைசியில் 2023 மார்ச்சில் மூன்று பயிற்சிக் கப்பல்களுக்கான ரூ.3108 கோடி ஒப்பந்தம் எல் அண்ட் டி நிறுவனத்துக்குப் போனது, வேலை சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில். கடற்படை விடாமல் துரத்தி வேறு தளத்தைப் பிடித்துக்கொண்டது. துருவக் கப்பலுக்கு அப்படித் துரத்த ஆள் இல்லை. வாடகைக் கப்பல் எப்படியும் கிடைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கழுத்தில் கத்தி இல்லை. வாடகையின் உண்மையான கெடுதல் இதுதான் என்று தோன்றுகிறது. பணம் போவதைவிட, அவசரம் போய்விடுகிறது.

கனடாவின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் நம் நாட்டை மட்டும் திட்ட மனம் வராது. பாதி நாடே பனியில் இருக்கும் கனடா, தன் கடற்படையிடம் இருந்த 'லாப்ரடார்' என்ற பனியுடைப்புக் கப்பலை 1950களிலேயே வேறு துறைக்குக் கொடுத்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து 2007ல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஆறு முதல் எட்டு ரோந்துக் கப்பல்கள் வாங்கப்போவதாக அறிவித்தார். முதல் கப்பல் 2013ல் வரும் என்றார்கள். வந்தது 2020ல். வடிவமைப்புக்கு நார்வேயின் 'ஸ்வால்பார்ட்' ரோந்துக் கப்பலின் வரைபடங்களை வெறும் 50 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டு, அதைத் தங்கள் தேவைக்கு மாற்றி எழுத இர்விங் தளத்துக்கு 28.8 கோடி டாலர் கொடுத்தது 2013ல் பெரிய சர்ச்சையானது. கெட்டிப்பனிக்கு ஆகாது, பனிக்கூழில்தான் ஓடும் என்று கேலியும் செய்தார்கள். இருந்தாலும் 2021ல் 'ஹாரி டிவூல்ஃப்' வடமேற்குக் கடல்வழியைக் கடந்து போனது. 1954ல் லாப்ரடார் போன பிறகு கனடா கடற்படைக் கப்பல் ஒன்று அந்த வழியை முழுதாகக் கடந்தது அப்போதுதான். அதிகச் செலவு, ஏழு வருடத் தாமதம், ஆனால் கப்பல் இருக்கிறது. கட்டிய ஆட்களுக்குக் கட்டத் தெரிந்துவிட்டது.

வாங்குவது லாபமா என்ற கேள்விக்குச் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களிடமே பதில் உண்டு. நெல் அறுக்கும் மெஷினைச் சின்ன விவசாயி யாரும் வாங்குவதில்லை. வருடத்தில் சில நாள் வேலைக்கு வாடகையே லாபம். திருச்செங்கோட்டுக்காரர்கள் மட்டும் கடன் பட்டாவது போர்வெல் ரிக் வண்டியைச் சொந்தமாக வாங்குவார்கள், ஏனென்றால் இங்கே மழை என்றால் ராஜஸ்தானில் வேலை இருக்கும், வண்டி நிற்காது. துருவக் கப்பலுக்கும் கணக்கு இதேதான். அண்டார்டிகாவுக்கு மட்டும் என்றால் வருடத்தில் எட்டு மாதம் கோவாவில் கட்டிப்போட்டு துருப்பிடிக்க விடலாம். வடதுருவப் பக்கம் 2008லிருந்து 'ஹிமாத்ரி' நிலையம் இருக்கிறது, 2022ல் ஆர்க்டிக் கொள்கையும் வந்தது. நம்முடைய கோடையில் அங்கே, அவர்களுடைய கோடையில் தெற்கே, நடுவில் இந்தியப் பெருங்கடலில் என்று வேலை கொடுத்தால்தான் கப்பல் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இயக்குகிற 'சாகர் நிதி' இதற்கு ஒரு முன்னோட்டம். இத்தாலியில் கட்டப்பட்டு ஓரளவு பனி தாங்கும் உடம்போடு வந்த அந்தக் கப்பல், தென்கடலில் 66 டிகிரி வரை போய்த் திரும்பியிருக்கிறது. அதற்கு மேல் கெட்டிப்பனியை உடைக்க அதனால் ஆகாது, அதற்காகக் கட்டியதும் இல்லை.

2025 ஜூன் 3ஆம் தேதி நார்வேயின் ஒஸ்லோ நகரில், மத்திய கப்பல் துறை அமைச்சர் சர்வானந்த சோனோவால் முன்னிலையில், கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளமும் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனமும் ஒரு புரிந்துணர்வில் கையெழுத்திட்டன. வடிவமைப்பில் நார்வே கைகொடுக்கும், கப்பலைக் கொல்கத்தாவில் கட்டுவார்கள். கார்டன் ரீச் 100க்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் கட்டிக் கொடுத்த அரசு நிறுவனம், கடன்காரர்கள் வாசலில் நிற்கிற இடமில்லை. 2024 ஜூலையில் கோவா துருவ ஆராய்ச்சி மையத்துக்கு வேறொரு கடல் ஆராய்ச்சிக் கப்பல் கட்டவும் சுமார் ரூ.840 கோடிக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அதுவும் துருவக் கப்பலும் வேறு வேறு என்பதைச் செய்தி படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

புரிந்துணர்வு என்பது நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி கட்டியது ஆகாது. விலை, தேதி, அபராதம் எல்லாம் தனி ஒப்பந்தத்தில் வர வேண்டும். இன்னொன்றும் அதில் வர வேண்டும். ஹூக்ளி ஆற்றில் பனி கிடையாது, வங்காள விரிகுடாவிலும் கிடையாது. கட்டி முடித்த கப்பல் சொன்ன தடிமனுக்குப் பனியை உடைக்கிறதா என்று பார்க்க அதைப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே போய் உடைக்கவில்லை என்றால் அந்தச் செலவும் திருத்த வேலையும் யார் தலையில் என்ற பத்தியை, 2015 அனுபவத்துக்குப் பிறகு, இந்த முறை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.